பேசாமலே தடுப்பவர்கள்: அமெரிக்க செனட்டின் ஃபிலிபஸ்டரைத் திருத்துவதா, நீக்குவதா?

பதிவு 1 | வடகரையான் (இழையைத் தொடங்கியவர்)

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள்கள், அமெரிக்க மத்திய அரசின் அலுவல்கள் முடங்கிக் கிடந்தன. நூறு பேர் கொண்ட செனட்டில் ஆளும் குடியரசுக் கட்சிக்கு 53 இடங்கள் இருந்தும் செலவு மசோதாவை நகர்த்த முடியவில்லை. விவாதத்தை முடித்துக்கொண்டு வாக்கெடுப்புக்குச் செல்வதற்கே 60 வாக்குகள் வேண்டும் என்னும் விதி குறுக்கே நின்றது. அந்த விதியை ஒழித்துவிடுமாறு அதிபர் டிரம்ப் தம் கட்சியினரிடம் வெளிப்படையாகவே கேட்டார். பெரும்பான்மைத் தலைவர் ஜான் தூன் இணங்கவில்லை. 2022 ஜனவரியில் இதே விதியைத் தளர்த்தும்படி மன்றாடியவர்கள் ஜனநாயகக் கட்சியினர் என்பதும், அப்போது அதைக் கருவறை போலக் காத்து நின்றவர்கள் குடியரசுக் கட்சியினர் என்பதும் பலருக்கு நினைவிருக்கும். இருக்கை மாறினால் கொள்கையும் மாறும் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. ஆகவே இந்த இழை.

விவாதத்தை முடியவிடாமல் இழுத்து மசோதாவை வாக்கெடுப்புக்கு வராமல் தடுப்பதே ஃபிலிபஸ்டர். அரசியலமைப்பில் அப்படி எதுவும் இல்லை. ஒப்பந்தங்களை ஏற்பது, அதிபரின் மறுப்பாணையை மீறுவது, உறுப்பினரை வெளியேற்றுவது, பதவிநீக்க விசாரணையில் குற்றவாளி எனத் தீர்ப்பது, அரசியலமைப்பையே திருத்துவது போன்ற எண்ணிச் சொல்லக்கூடிய சிலவற்றுக்கு மட்டுமே அது மூன்றில் இரு பங்கைக் கேட்கிறது. தொடக்க கால செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்ல வழிசெய்யும் 'முந்தைய வினா' என்னும் தீர்மானம் விதிப்புத்தகத்தில் இருந்தது. 1805-இல் துணை அதிபர் ஆரன் பர் விடைபெறும்போது விதிகளைச் சுருக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு, பயன்படாத விதி என்று கருதி அதை எடுத்துவிட்டார்கள். சிறுபான்மையின் குரலைக் காக்க வேண்டும் என்று யாரும் அன்று நினைத்ததாகத் தெரியவில்லை. வீட்டைப் பெருக்கியபோது சாவியும் குப்பையோடு போயிற்று. பூட்டு இருப்பதே முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. (ஃபிலிபஸ்டர் என்ற சொல்லின் வேர் டச்சு மொழியில் கடற்கொள்ளையரைக் குறித்தது. பெயர் வைத்தவர் ஏளனத்தோடுதான் வைத்திருக்க வேண்டும்.)

1917-இல், முதல் உலகப் போரின் நடுவே, வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் தரும் மசோதாவை ஒரு சிறு குழு பேசியே கொன்றது. அதிபர் வுட்ரோ வில்சன் கொதித்துப்போனார். அதன் விளைவாகத்தான் விவாதத்தை முடிக்கும் 'குளோச்சர்' விதி வந்தது. வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கு தேவை என்று வைத்தார்கள். 1975-இல் அது மொத்த உறுப்பினரில் ஐந்தில் மூன்று பங்காக, அதாவது 60 ஆகக் குறைந்தது.

இந்தக் குறைப்பைத்தான் எல்லாரும் சீர்திருத்தம் என்று எழுதுகிறார்கள். 1970-களின் தொடக்கத்தில், அரவமில்லாமல் நடந்த மற்றொரு மாற்றமே பெரிது என்பது என் கருத்து. அதுவரை ஒரு மசோதாவைப் பேசித் தடுத்தால் அவையே நின்றுபோகும். நாடு பார்க்கும், தடுப்பவருக்கும் தொண்டை வறளும். பெரும்பான்மைத் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்டு தலைமையில் இரட்டைத் தட முறை வந்தது: தடைபட்ட மசோதா ஒரு தடத்தில் கிடக்கட்டும், அவை வேறு வேலையை மறு தடத்தில் பார்க்கட்டும். அவையை முடக்காமல் காக்கும் நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அன்று முதல் தடுப்பதற்கு யாரும் பேச வேண்டியதில்லை, நிற்க வேண்டியதில்லை, ஊரில் இருக்கவும் வேண்டியதில்லை. 60 வாக்குகளைத் திரட்டும் சுமை முழுவதும் மறுதரப்பின் தலையில் இறங்கிவிட்டது.

நம் ஊரில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேல் உருளும் சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்து, கால் போய்விடும் அபாயத்தோடு கட்டையைச் செருகி, திருப்பத்தில் தேரைத் திருப்பிவிடுகிறார்கள். முட்டுக்கட்டை இல்லாத தேர் வீட்டுச் சுவரில் மோதும். இன்றைய செனட்டில் கட்டை போடுகிறவர் திண்ணையில் படுத்துக்கொண்டு போடுகிறார். ஆகவே 60-ஐ ஒழிக்க வேண்டாம், தடுப்பவர் மீண்டும் அவைக்கு வந்து நின்று பேசட்டும் என்பது என் நிலைப்பாடு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 2 | எடிசன்வாசி

வடகரையார் வரலாற்றிலிருந்து தொடங்கினார். நான் என் வீட்டுக் கூடத்திலிருந்து தொடங்குகிறேன். நியூ ஜெர்சியில் பல ஆண்டுகளாகப் பணி விசாவில் இருக்கிறேன். வேலைவாய்ப்பு அடிப்படையிலான கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பு இருப்பதால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்பதை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. அன்று இரவு எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் பாயசம் வைத்தார்கள்.

பிறகு அது செனட்டுக்குப் போனது. 'ஒருமனதான இசைவு' கேட்டு ஒருவர் எழுவார். 'நான் மறுக்கிறேன்' என்று இன்னொருவர் எழுவார். அவ்வளவுதான், அன்றைய கதை முடிந்தது. மறுத்தவரைச் சமாதானப்படுத்தித் திருத்தம் செய்தால் அடுத்த முறை வேறொருவர் மறுப்பார். இரு கட்சியிலும் அப்படி மறுத்தவர்கள் இருந்தார்கள். கடைசியில் 2020 டிசம்பர் 2 அன்று செனட் ஒருமனதாக நிறைவேற்றியது, ஆனால் பல திருத்தங்களுடன். இரு அவைகளின் வடிவங்களும் பொருந்தும் முன்பே அந்த காங்கிரசின் காலம் முடிந்து மசோதா செத்தது.

இதுவும் ஃபிலிபஸ்டர்தானா? 60-க்கும் ஒன்றுக்கும் இடையே என்ன உறவு? நூறு பேரில் ஒரே ஒருவர் எழுந்து நின்று எங்களைப் போன்றவர்களின் பத்தாண்டைத் தள்ளிவைக்க முடிகிறது என்றால், வடகரையார் கேட்கும் 'நின்று பேசும்' முறை அதைச் சரிசெய்யுமா?

பதிவு 3 | நிதானி

எடிசன்வாசிக்குச் சுருக்கமாக. அது கண்டிப்பான பொருளில் ஃபிலிபஸ்டர் அன்று, ஆனால் அதன் நிழல். செனட் தன் அன்றாட வேலையில் பெரும்பகுதியை ஒருமனதான இசைவால்தான் செய்கிறது. விதிப்படி எல்லாவற்றையும் செய்ய முயன்றால் ஒவ்வொரு மசோதாவுக்கும் குளோச்சர் மனு, இடையில் ஒரு நாள் காத்திருப்பு, வாக்கெடுப்பு, அதன் பின் முப்பது மணி நேரம் வரை விவாதம், அதுவும் மசோதாவை எடுத்துக்கொள்வதற்கு ஒரு முறையும் அதை முடிப்பதற்கு மறுமுறையும் என்று நாள்கள் ஓடிவிடும். உங்கள் மசோதாவுக்கு 60 வாக்குகள் கிடைத்திருக்கவும் கூடும். ஆனால் அந்த நாள்களைச் செலவிடப் பெரும்பான்மைத் தலைவர் விரும்ப வேண்டும். அவர் விரும்பாதபோது ஒரு தனி உறுப்பினரின் மறுப்பே மரண ஓலையாகிறது. 2023-இல் டாமி டியூபர்வில் என்ற ஒரே உறுப்பினர் நானூறுக்கும் மேற்பட்ட இராணுவ அதிகாரிகளின் பதவி உயர்வுகளை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தாரே, அங்கும் நடந்தது இதுதான். அந்த நியமனங்களுக்கு 51 வாக்கு போதும், வாக்குகளும் இருந்தன, நேரம் இல்லை.

பதிவு 4 | சட்டப்பித்தன்

வடகரையாரின் முதல் பதிவு அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே மறுக்க வேண்டியிருக்கிறது.

'நின்று பேசிய' பொற்காலம் என்று அவர் ஏங்கும் காலத்தில் யார் நின்றார்கள், எதற்காக நின்றார்கள்? கறுப்பினத்தவரைக் கும்பல் கொலை செய்வதை மத்தியக் குற்றமாக்கும் டையர் மசோதா 1922-இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் தென் மாநில உறுப்பினர்கள் தடுத்தார்கள். 1930-களில் மீண்டும் முயன்றார்கள். மீண்டும் பேசியே கொன்றார்கள். அப்படியொரு சட்டம் உண்மையில் கையெழுத்தானது 2022 மார்ச் மாதத்தில். நூறு ஆண்டுகள், ஐயா. ஒரு கொலையைக் குற்றம் என்று நாட்டுச் சட்டத்தில் எழுத நூறு ஆண்டுகள்.

1957-இல் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். உடலில் நீர் குறைந்தால் வெளியேற வேண்டியிராது என்று முன்கூட்டியே நீராவிக் குளியல் எடுத்துக்கொண்டு வந்தார் என்பார்கள். அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள், அவர் எதிர்த்தது கறுப்பினத்தவரின் வாக்குரிமையை என்பதைச் சிரிப்பிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த மசோதா நிறைவேறிவிட்டது என்பது வேறு. நிறைவேறும் முன்பே அதன் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள், பேசியே கொன்றுவிடுவோம் என்ற அச்சுறுத்தலைக் காட்டியே பிடுங்கினார்கள்.

1964-க்கு முன்னால் கறுப்பினத்தவரின் சம உரிமைக்கான ஒரு குடிமை உரிமை மசோதாவுக்குக்கூட குளோச்சர் வென்றதில்லை. 1964-இல் ஏறத்தாழ அறுபது நாள் தடுப்புக்குப் பிறகு, ஜூன் 10 அன்று, 71-க்கு 29 என்று உடைந்தது. அன்று காலை வரை ராபர்ட் பர்டு 14 மணி நேரத்துக்கு மேல் எதிர்த்துப் பேசியிருந்தார். மூளையில் கட்டியோடு பேச்சிழந்திருந்த கலிபோர்னியாவின் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். அவர் பெயர் அழைக்கப்பட்டபோது வாய் திறக்க முடியாமல், கையைத் தூக்கித் தம் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் 'கண்' என்ற சொல்லும் 'ஆம்' என்ற வாக்கும் ஒலியால் ஒன்று. தடுத்தவர்கள் மணிக்கணக்கில் பேசினார்கள். அதை உடைக்க வந்தவரால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. ஆகவே நின்று பேசினால் தடுப்பவருக்குச் சுமை கூடும், சுமை கூடினால் அநியாயம் குறையும் என்ற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. வெறுப்புக்குக் கால் வலிப்பதில்லை.

பதிவு 5 | கடைசிப்பலகை

எனக்கு ஒரு எளிய ஐயம். விதியை மாற்றவே மூன்றில் இரு பங்கு வேண்டும் என்கிறார்கள். 2013-இலும் 2017-இலும் வெறும் 52 வாக்கில் மாற்றிவிட்டார்கள் என்றும் படித்தேன். இரண்டும் எப்படி உண்மையாகும்? கூடவே ஒன்று: 2025-இல் கோரி புக்கர் 25 மணி நேரம் பேசித் தர்மண்டின் சாதனையை முறியடித்தாரே, அவர் எந்த மசோதாவை நிறுத்தினார்?

பதிவு 6 | வடகரையான்

இரண்டாவது கேள்விக்கு விடை: எதையும் நிறுத்தவில்லை. 25 மணி 5 நிமிடம் பேசினார். அவர் தடுக்க எந்த மசோதாவும் அப்போது அவை முன் இல்லை. அது எதிர்ப்புரை. இன்று பேசுபவர் தடுப்பதில்லை, தடுப்பவர் பேசுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்காது.

முதல் கேள்வி சுவையானது. எழுத்தில் உள்ள விதியை மாற்ற வேண்டுமானால் அந்த விவாதத்தை முடிக்க மூன்றில் இரு பங்கு தேவை என்பது உண்மை. ஆனால் விதிக்கு என்ன பொருள் என்பதை அவைத்தலைமை சொல்லும். அவைத்தலைமை சொன்னதை எதிர்த்து மேல்முறையீடு செய்தால் சாதாரணப் பெரும்பான்மை தீர்மானிக்கும். 2013 நவம்பர் 21 அன்று அப்போதைய பெரும்பான்மைத் தலைவர், ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீடு எழுந்து, உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களில் குளோச்சருக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். விதிப்படி அது தவறு என்று அவைத்தலைமை சொன்னது. ரீடு மேல்முறையீடு செய்தார். தலைமையின் தீர்ப்பு நிலைக்க வேண்டும் என்று 48 பேர், வேண்டாம் என்று 52 பேர். அவ்வளவுதான். விதிப்புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பொருள் மட்டும் தலைகீழாயிற்று. இதைத்தான் 'அணுகுண்டு வழி' என்கிறார்கள். 2017 ஏப்ரல் 6 அன்று குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் அதே வழியில் உச்ச நீதிமன்றத்தையும் சேர்த்துக்கொண்டார். நீல் கோர்சச் நீதிபதியானார். 2013-இல் ரீடை எதிர்த்த மூன்று ஜனநாயகக் கட்சியினரில் ஜோ மான்சினும் ஒருவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022-இல் தம் கட்சியினர் கேட்டும் விதியைத் தளர்த்த மறுத்தபோது அவர் திடீரென்று மனம் மாறியவர் அல்லர்.

சட்டப்பித்தன் ஐயா சொன்ன வரலாற்றை நான் மறுக்கவில்லை. 1964-இல் தடுப்பு உடைந்தது எதனால் என்று மட்டும் கேட்கிறேன். நாடு அறுபது நாள் பார்த்துக்கொண்டிருந்ததால் அல்லவா? சிறுபான்மைத் தலைவர் எவரெட் டர்க்சன் தம் கட்சியினரை ஒவ்வொருவராக இழுத்து வந்தது மக்கள் பார்வையின் அழுத்தம் இருந்ததால் அல்லவா? மௌனத் தடுப்பில் அந்த அழுத்தத்துக்கே இடமில்லை.

பதிவு 7 | நிதானி

இதுவரை பேசியவர்கள் எல்லாரும் ஃபிலிபஸ்டரை நோயாகவே வைத்துப் பேசுகிறீர்கள். வழக்கறிஞர் இல்லாத குற்றவாளிக்காக நான் எழுகிறேன்.

2017 ஏப்ரலில், நியமனங்களுக்கான தடுப்பு முழுவதும் ஒழிந்த அடுத்த நாள்களில், சட்டமியற்றலுக்கான தடுப்பையாவது காப்போம் என்று இரு கட்சிகளையும் சேர்ந்த 61 செனட் உறுப்பினர்கள் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். அன்று வெள்ளை மாளிகையும் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தன. ஜனநாயகக் கட்சியினர் அந்தக் காலத்தில் இந்தக் கருவியைத் தாராளமாகவே பயன்படுத்தினார்கள்; 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்டு கொலைக்குப் பிறகு டிம் ஸ்காட் கொண்டுவந்த காவல் சீர்திருத்த மசோதா 55-க்கு 45 என்ற நிலையில் விவாதத்துக்கே வராமல் நின்றது. அது போதாத மசோதா என்று அவர்கள் கருதினார்கள். அவ்வாறு கருத அவர்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்கு ஒரு கருவி இருந்தது என்பதே என் வாதம்.

51 போதும் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நாட்டின் சட்டம் ஊஞ்சல் ஆடும். இன்று ஒருவர் தேர்தல் விதிகளை நாடு முழுவதற்கும் எழுதுவார்; நாளை மற்றவர் அழித்து எழுதுவார். மருத்துவக் காப்பீடு, துப்பாக்கி, கருக்கலைப்பு, தொழிற்சங்கம் எல்லாம் அப்படியே. சட்டத்தை நம்பிக் கடை திறப்பவர், வீடு வாங்குபவர், எடிசன்வாசியைப் போல வரிசையில் நிற்பவர் ஆகியோருக்கு உறுதியான மோசமான சட்டத்தைவிட ஊஞ்சலாடும் சட்டம் கொடியது.

வடகரையாரின் தீர்வையும் நான் ஏற்கவில்லை, ஆனால் வேறு காரணத்தால். நின்று பேசும் முறையில் யாருக்குச் சுமை கூடும் என்று அவர் கணக்கிட்டுப் பார்த்தாரா? தடுப்பவர் தரப்பில் ஒருவர் பேசினால் போதும், இன்னொருவர் மாற்றாள். ஆனால் அவையில் கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை என்று அந்த ஒருவர் எழுப்பினால், 51 பேரை நள்ளிரவிலும் கூட்டிவர வேண்டிய பொறுப்பு பெரும்பான்மையினுடையது. 1960-இல் ஒரு குடிமை உரிமை மசோதாவை எதிர்த்து 18 தென் மாநில உறுப்பினர்கள் முறை வைத்துப் பேசினார்கள். பேசாத நேரத்தில் வீட்டில் நன்றாக உறங்கினார்கள். மசோதாவை ஆதரித்தவர்களோ கோர அழைப்புக்கு அஞ்சி அவைக் கட்டடத்திலேயே கட்டில் போட்டுப் படுத்துக் கண் சிவந்துபோனார்கள்.

1988 பிப்ரவரியில் இன்னும் வேடிக்கை. தேர்தல் நிதி மசோதாவைக் குடியரசுக் கட்சியினர் தடுத்தார்கள். கோரம் கேட்டுவிட்டு ஒருவரும் அவைக்கு வரவில்லை. பெரும்பான்மைத் தலைவர் ராபர்ட் பர்டு, வராதவர்களைப் பிடித்துவர உத்தரவு வாங்கினார். (ஆம், 1964-இல் பதினான்கு மணி நேரம் பேசித் தடுத்த அதே பர்டு.) அவைக் காவலர்கள் ஓரிகனின் பாப் பாக்வுட்டை அவருடைய அறையில் கண்டுபிடித்துக் கதவைத் தள்ளித் திறந்து, கால் முன்னே வர அவைக்குள் தூக்கி வந்தார்கள். கோரம் கிடைத்தது. மசோதா? எட்டு முறை குளோச்சருக்கு முயன்றும் தோற்றது.

பதிவு 8 | மட்டுறுத்துநர்

இந்திய நாடாளுமன்ற அமளி, அவை நடுவே முழக்கம், உறுப்பினர் இடைநீக்கம் பற்றிய மூன்று பதிவுகளை வேறு இழைக்கு நகர்த்தியுள்ளேன். அவையை நடத்தவிடாமல் செய்வதும் அவை விதிகளைக் கொண்டே தடுப்பதும் வேறு வேறு செய்திகள். இங்கே செனட்டோடு நிற்போம்.

பதிவு 9 | பழந்தாள்

மட்டுறுத்துநர் மன்னிக்க வேண்டும். செனட்டை விட்டு இரண்டே அடி நகர்கிறேன், ஏனென்றால் அந்த இரண்டு அடியில்தான் விடை இருப்பதாக எனக்குப் படுகிறது.

லண்டன் காமன்ஸ் சபையில் 1881 ஜனவரி 31 தொடங்கிய அமர்வு நாற்பத்தொன்றரை மணி நேரம் நீண்டது. அயர்லாந்து மீதான அடக்குமுறை மசோதாவை அயர்லாந்துத் தலைவர் பார்னெலின் கட்சியினர் முறை வைத்துப் பேசித் தடுத்துக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரி 2 காலையில் சபாநாயகர் பிராண்டு, எந்த விதியின் துணையும் இல்லாமல், விவாதம் முடிந்தது என்று தாமே அறிவித்தார். அதற்கடுத்த ஆண்டு விவாதத்தை முடிக்கும் விதி முறைப்படி வந்தது. தடுத்தவர்களின் குறை நியாயமானது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாஷிங்டனிலேயே, செனட்டுக்கு எதிர்ப்புற மண்டபத்தில் 1890-இல் நடந்தது இன்னும் சுவை. பிரதிநிதிகள் சபையின் சிறுபான்மை உறுப்பினர்கள் அவையில் அமர்ந்துகொண்டே, பெயர் அழைக்கும்போது வாய் திறக்காமல் இருப்பார்கள். கோரம் இல்லை என்று அவை கலையும். சபாநாயகர் தாமஸ் ரீடு ஒரு நாள், வாய் திறக்காதவர்களின் பெயர்களைத் தாமே படித்து, வந்திருப்போர் என்று பதிவு செய்யச் சொன்னார். கென்டக்கி உறுப்பினர் ஒருவர் எழுந்து, என்னை வந்திருப்பவனாகக் கணக்கிட உமக்கு உரிமை இல்லை என்று கூச்சலிட்டார். நான் ஓர் உண்மையைச் சொல்கிறேன், தாங்கள் இங்கே இல்லை என்று மறுக்கிறீர்களா என்று ரீடு அமைதியாகக் கேட்டார்.

அந்த அவையில் சிறுபான்மைத் தடுப்பு அன்றோடு ஒடுங்கத் தொடங்கியது. அமெரிக்கா மூழ்கிவிடவில்லை. நிதானி அஞ்சும் ஊஞ்சல் பிரிட்டனிலும் பெரிதாக ஆடவில்லை. அங்கே இயற்றிய பெரும் சட்டங்களை அடுத்து வந்த அரசுகள் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தன. எதிர்க்கட்சி தடுத்துவிட்டது என்ற சாக்கு அங்கே ஆளுங்கட்சிக்கு இல்லாததால், இயற்றும்போதே யோசித்து இயற்ற வேண்டியிருக்கிறது.

பதிவு 10 | சட்டப்பித்தன்

பழந்தாள் சொன்னதோடு எண்ணிக்கையையும் சேர்க்கிறேன். வயோமிங்கில் ஆறு இலட்சத்துக்கும் குறைவான மக்கள். கலிபோர்னியாவில் நான்கு கோடியை நெருங்குகிறார்கள். இரண்டுக்கும் தலா இரு செனட் இடங்கள். அது அரசியலமைப்பின் உடன்பாடு, இருக்கட்டும். அதன் மேல் 60 என்ற விதியை ஏற்றினால், மக்கள்தொகை குறைந்த 21 மாநிலங்களின் உறுப்பினர்கள் சேர்ந்து எதையும் தடுக்கலாம். அந்த மாநிலங்களில் வாழ்வோர் நாட்டு மக்களில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே மீறுவர். எல்லாச் சிறு மாநிலங்களும் ஒரே கட்சி அல்ல என்று நிதானி சொல்வார், அதையும் ஏற்கிறேன். ஆனால் இதுபோன்ற நிலையை அஞ்சித்தான் 1787-இல் புதிய அரசியலமைப்பே எழுதினார்கள். அதற்கு முந்தைய கூட்டமைப்பில் முக்கிய முடிவுகளுக்குப் பதின்மூன்று மாநிலங்களில் ஒன்பது இசைய வேண்டியிருந்தது; பெரும்பான்மையைச் சிறுபான்மையின் விருப்பத்துக்குக் கட்டிப்போடும் அந்த முறையை, அரசியலமைப்பை வகுத்தவர்களில் ஒருவரான ஹாமில்டன், அதை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளின் 22-ஆம் எண்ணில் கடுமையாகச் சாடினார்.

இரண்டாவது, தடுப்பு எல்லாவற்றையும் ஒரே அளவில் தடுப்பதில்லை. வரவு செலவு ஒத்திசைவு என்று 1974 சட்டத்தில் ஒரு பக்கவாசல் உண்டு. வரி, செலவு, கடன் தொடர்பானவை அதன் வழியே 51 வாக்கில் நிறைவேறும். 2017 வரிக் குறைப்பு அப்படிப் போனது. 2021 பெருந்தொற்று நிவாரணமும் அப்படித்தான். 2025 ஜூலையில் டிரம்பின் பெரும் வரி மசோதா 50-க்கு 50 என்று நின்று துணை அதிபரின் வாக்கால் 51 ஆனது. பணத்துக்கு வாசல் திறந்திருக்கிறது. சிறுவயதில் வந்து சேர்ந்தவர்களுக்குக் குடியுரிமை வழி தரும் மசோதா 2010 டிசம்பரில் 55 வாக்கு பெற்றுத் தோற்றது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் திருத்தம் 2013 ஏப்ரலில் 54 வாக்கு பெற்றுத் தோற்றது. குறைந்தபட்சக் கூலியை 15 டாலராக்கும் பிரிவை 2021-இல் பக்கவாசல் வழியே கொண்டுபோகப் பார்த்தார்கள். அது வரவு செலவில் அடங்காது என்று செனட்டின் விதி ஆலோசகர் எலிசபெத் மெக்டானோ சொல்லிவிட்டார். செல்வந்தரின் வரி குறைய 51, கூலிக்காரரின் கூலி உயர 60. இந்தக் கணக்கை நடுநிலை என்று யார் சொல்வது?

பதிவு 11 | நிதானி

கணக்கில் ஒரு பிழை இல்லை. ஒரு விடுபாடு இருக்கிறது. 2022-இல் மருந்து விலையைப் பேரம் பேச அரசுக்கு அதிகாரம் தந்த சட்டமும் அதே பக்கவாசலில் வந்தது. வாசல் செல்வந்தருக்கு மட்டும் திறப்பதில்லை.

மேலும், தடுப்புகளின் எண்ணிக்கையைக் காட்டி இரு தரப்பும் மிகைப்படுத்துவதையும் கவனிக்க வேண்டும். 1917 முதல் 1970 வரை குளோச்சர் மனுக்கள் அறுபதுக்கும் குறைவு. 2021, 2022 ஆகிய இரண்டே ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேல். இதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவற்றில் பெரும்பகுதி 51 வாக்கில் முடியும் நியமனங்கள் என்பதையும், பெரும்பான்மைத் தலைவர்கள் எதிர்க்கட்சித் திருத்தங்களுக்கு இடமே விடாமல் எல்லாத் திருத்த இடங்களையும் தாமே நிரப்பிவிட்டு உடனே குளோச்சர் மனு போடுவதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. திருத்தம் கொண்டுவர வழியில்லாதவனுக்குத் தடுப்பது ஒன்றே மிஞ்சுகிறது.

பதிவு 12 | வடகரையான்

இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். 1960-இன் கட்டில்களும் பாக்வுட்டின் கால்களும் என் முதல் பதிவைக் கலைத்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன். நின்று பேசட்டும் என்று மட்டும் சொன்னால் போதாது. கோரத்தின் சுமை யார் மேல் விழுகிறது என்பதை நான் பார்க்கவில்லை. என் தேர் உவமையில் கட்டை போடுகிறவரின் காலை மட்டும் பார்த்தேன், வடம் இழுப்பவர்களின் தோளைப் பார்க்கவில்லை.

ஆகவே திருத்திக்கொண்ட நிலைப்பாடு இது. விவாதத்தை முடிக்க 60 பேர் வர வேண்டும் என்பதைத் திருப்பிப்போட்டு, விவாதத்தைத் தொடர 41 பேர் வர வேண்டும் என்று வைக்க வேண்டும். கேட்க ஒன்று போல இருக்கிறது. நடைமுறையில் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு. இன்று ஞாயிறு நள்ளிரவில் வாக்கெடுப்பு நடந்தால் தடுப்பவர்கள் தூங்கலாம், 60 பேர் வராவிட்டால் தடுப்பு வென்றது. திருப்பிப்போட்டால் 41 பேரும் வந்து கைதூக்கியே ஆக வேண்டும். 40 பேர் வந்தால் மசோதா நகரும். கோர அழைப்பால் மறுதரப்பை அலைக்கழிக்க முடியாதபடியும் செய்ய வேண்டும். கூடவே, நிதானி சொன்ன திருத்த உரிமையை எதிர்க்கட்சிக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உறுதி செய்ய வேண்டும். அது இல்லாமல் தடுப்பைக் குறைப்பது ஒருதலைப்பட்சம். எடிசன்வாசியின் தனிமனித மறுப்புக்கு, மறுத்த உறுப்பினர் குறிப்பிட்ட நாள்களுக்குள் இன்னும் பத்துப் பேரையாவது சேர்த்துக்காட்டாவிட்டால் மறுப்பு காலாவதியாகும் என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது.

1995-இல் ஜனநாயகக் கட்சியின் டாம் ஹார்க்கின் படிப்படியாக இறங்கும் முறையை முன்வைத்தார்: முதல் வாக்கெடுப்பில் 60, பிறகு 57, பிறகு 54, கடைசியில் 51. சிறுபான்மைக்குத் தாமதப்படுத்தும் உரிமை உண்டு, கொல்லும் உரிமை இல்லை என்பதே அதன் உட்பொருள். அப்போது அவர் கட்சி பெரும்பான்மையை இழந்து சிறுபான்மைக்கு வந்திருந்தது, தம் கையிலிருந்த ஆயுதத்தையே மழுக்கக் கேட்டார் என்பதால் எனக்கு அவர் மீது மதிப்பு. 76-க்கு 19 என்று தோற்றார்.

பதிவு 13 | சட்டப்பித்தன்

ஹார்க்கினின் படிக்கட்டுக்கு நான் கையெழுத்திடுவேன். 41 பேர் முறைக்கு அரைமனத்தோடு. 41 தென் மாநிலத்தவர் 1964-இல் இருந்திருந்தால் வந்திருப்பார்கள், ஒவ்வோர் இரவும்.

பதிவு 14 | கடைசிப்பலகை

2022 ஜனவரி 19 அன்று ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் சக் ஷூமர் கேட்டதும் ஏறத்தாழ வடகரையாரின் முதல் பதிவுதானே? வாக்குரிமை மசோதா ஒன்றுக்கு மட்டும் நின்று பேசும் முறையைத் திரும்பக் கொண்டுவருவது. 48-க்கு 52 என்று தோற்றது. அவர் கட்சியினரான மான்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் எதிர்த்தரப்போடு நின்றார்கள். வடகரையார் இப்போது கேட்பது அதைவிடப் பெரிய மாற்றம். இதை எழுத்தில் உள்ள விதியாக்க மூன்றில் இரு பங்கு எங்கிருந்து வரும்? வராதென்றால் ஹாரி ரீடும் மெக்கானலும் போன வழியில், 51 பேரைக் கொண்டு, விதி சொல்வதற்கு நேர் எதிராகப் பொருள் கொள்ள வேண்டும். அதை நீங்கள் ஏற்பீர்களா?

பதிவு 15 | வடகரையான்

அந்தக் கேள்வியைத்தான் இரண்டு நாளாகத் தவிர்த்துக்கொண்டிருந்தேன். 2013-இல் நடந்ததை அப்போதே தவறு என்று எழுதியவன் நான். விதியை மாற்றாமல் பொருளை மாற்றும் வித்தையை ஒரு முறை நல்லதற்குப் பயன்படுத்தினால் அடுத்தவர் எதற்குப் பயன்படுத்துவார் என்பதை 2017 காட்டிவிட்டது. இருந்தும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனையோடு ஏற்பேன்: அந்த மாற்றம் வாக்கெடுப்பில் வென்ற நாளில் நடைமுறைக்கு வராமல், அடுத்து வரும் செனட் தேர்தலுக்குப் பின் நடைமுறைக்கு வர வேண்டும். யார் பெரும்பான்மையாக இருப்பார்கள் என்று தெரியாத நிலையில் 51 பேர் கையெழுத்திடுவார்களா என்று பார்ப்போம்.

பதிவு 16 | எடிசன்வாசி

என் கேள்விக்கு விடை கிடைத்தது, நன்றி. பத்துப் பேரைச் சேர்த்துக்காட்ட வேண்டும் என்ற யோசனை 2019-இல் இருந்திருந்தால் எங்கள் மசோதா அந்த ஆண்டிலேயே வாக்கெடுப்புக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாயசம் வைத்த நான்கு வீடுகளில் இரண்டு வீட்டார் இப்போது கனடாவில் இருக்கிறார்கள்.